முதலைக்கு ஒரு நட்சத்திரம்

உடுமலைக்கு வரும் சுற்றுலாக்காரர் கூகுளில் மார்க் போடாமல் ஊர் திரும்புவதில்லை. பஞ்சலிங்க அருவியில் தண்ணீர் இல்லையா? ஒரு நட்சத்திரம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை பெய்தால்தானே அருவி என்று கேட்கக்கூடாது. அமராவதி அணைப் பண்ணையில் முதலை அசையாவிட்டாலும் அதே தண்டனை. பாவம், வெயில் காய்வதுதான் அதன் உத்தியோகம்!

ஏதோ ஒரு மெஸ்ஸுக்கு மட்டும் ஐந்து நட்சத்திரம்: “சூப்பருங்க, பார்க்கிங் இருக்குதுங்க.” சாப்பாடு பற்றி மூச்சே இல்லை. எழுதியவர் முதலாளியின் மச்சானாக இருக்கலாம்.

இணைய மதிப்புரைகளுக்கென்றே 2022-இல் ஐஎஸ் 19000 என்று மத்திய அரசு ஒரு தரநிலை கொண்டுவந்தது. விரும்பியவர்கள் பின்பற்றலாமாம். மச்சான்கள் விரும்பியதாகத் தெரியவில்லை. பசிக்கிறவர்கள் ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்துக்கொள்ளுங்க.