டிவி உறையும் அனுபோக பாத்தியதையும்: கைப்பின்னல் பரிசு குறித்த ஒரு நிலவருவாய் ஆய்வு

தமிழ்நாட்டு நில உடைமை பற்றி எழுதிய அறிஞர்கள் எல்லோரும் நஞ்சை, புஞ்சை, நத்தம், புறம்போக்கு என்பதோடு பேனாவை மூடிவிட்டார்கள். அவர்கள் கணக்கில் வராத வகை ஒன்று உண்டு. அது டிவியின் தலை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, நம் நடுக்கூடங்களில் ஒன்றரை முழ அகலத்தில் இந்தப் புதிய நிலம் உருவானது. எந்தத் தாசில்தாரும் அளக்காத அந்த நிலத்தை அத்தைகளும் நாத்தனார்களும் குரோஷா ஊசியோடு வந்து அளந்தார்கள். இக்கட்டுரை நிறுவ முற்படுவது ஒன்றுதான்: ஒருவர் தன் கையால் பின்னி இன்னொருவர் வீட்டுக்குக் கொடுக்கும் உறையோ தோரணமோ பொம்மையோ வெறும் அன்பளிப்பு அல்ல, கிரயப் பத்திரம். விரித்த அன்றே அந்த இடம் கொடுத்தவர் பெயருக்கு மாறிவிடுகிறது. மின்கட்டணம் மட்டும் பழைய உரிமையாளர் பொறுப்பு.

முதலில் பொருளைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளை ஆங்கர் நூல், நடுவில் அன்னாசி டிசைன், ஓரம் முழுக்க ரோஸ் நிற வளைவுகள். கஞ்சி போட்டு, ஈரம் காய்வதற்குள் நாலாபக்கமும் இழுத்துக் குண்டூசி குத்திக் காயவைத்ததால் வந்த விறைப்பு. நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் திரையின் நெற்றியில் முக்கோணமாக இறங்கும். செய்தி வாசிப்பவரின் தலைமுடி பாதி அதற்குப் பின்னால் மறையும். ஒருவரும் அதைத் தூக்கிவிட மாட்டார்கள். எதற்கு இது என்று கேட்டால், தூசிக்கு என்பார்கள். இந்த வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லை. அன்னாசி டிசைனில் நூலைவிட ஓட்டை அதிகம். கொசு தாராளமாகப் போய்வரக்கூடிய வலை தூசியைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள் வேறு விஷயங்களில் அவ்வளவு ஏமாளிகள் அல்லர். மேலும் அந்தக் காலத்து சாலிடேர், டயனோரா பெட்டிகள் பலவற்றில் மரக்கதவே இருந்தது; தூசிதான் பகை என்றால் கதவை இழுத்து மூடினால் போதும். உறையில் தூசி படியக் கூடாதென்று அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்த வீடுகளும் உண்டு. காவலுக்கே காவல் போட்டார்கள் என்றால், காக்கப்பட்டது டிவி அல்ல என்பது தெளிவு. வேண்டுமானால் நாற்காலி முதுகில் போடும் விரிப்புக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ஆண்கள் தலையில் தடவிய மக்கசார் எண்ணெயின் கறைக்காகப் பிறந்தது அது. தேங்காய் எண்ணெய் தேசத்தில் அதற்கு நியாயமான வேலை இருந்தது. டிவி தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

வரலாறும் இந்தக் கோட்பாட்டுக்கு ஒத்துழைக்கிறது. 1820இல் தாமஸ் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானார். நிலத்தை உழுகிறவன் பெயரிலேயே பட்டா என்னும் ரயத்துவாரி முறை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்றது. அதே பத்தாண்டின் தொடக்கத்தில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பட்டாவும் லேஸும் ஒன்றாகத் தமிழ் மண்ணில் இறங்கியது தற்செயலாக இருக்க முடியாது. நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, மன்றோவின் ஆணை அங்கே செல்லாது என்று வரலாற்றுத் துறையினர் குறுக்கிடுவார்கள். உண்மைதான், ஆனால் லேஸ் எல்லை தாண்டியது. மால்ட்டின் மகள் எலைசா, 1844இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது லேஸும் கூடவே திருநெல்வேலிச் சீமைக்கு வந்துவிட்டது. கணவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே ஊரில் மனைவி பெண்களைத் திண்டின்மேல் நூல் குச்சிகளோடு உட்கார வைத்தார். 1856இல் வெளியான ஒப்பிலக்கணத்தைப் பற்றி நூலக நூலகமாக எழுதியாயிற்று. லேஸ் பக்கம் ஆய்வாளர் கூட்டம் இன்னும் திரும்பவில்லை. நாகர்கோவில் லேஸ் பற்றிச் சிரிக்காமல் சொல்ல வேண்டிய செய்தியும் ஒன்றுண்டு: பின்னக் கற்ற பெண்களில் அடிமைகளும் இருந்தார்கள், லேஸ் விற்ற காசில் சிலர் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். நூல் சொத்துரிமை வாங்கித் தரும் என்பதற்கு இதைவிடப் பெரிய முன்னுதாரணம் கிடையாது. அத்தைகள் பின்னாளில் கேட்டது வெறும் ஒன்றரை முழம்.

கோட்பாட்டின் முதுகெலும்பு ரவிக்கைத் துணியில் இருக்கிறது. நவராத்திரிக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி தைக்கப்படுவதே அபூர்வம். மயிலாப்பூரில் கொடுத்தது மாம்பலம் போய், நங்கநல்லூர் போய், அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ மடிப்புக் கலையாமல் கொடுத்தவர் கைக்கே திரும்பி வரும். சுவர்க் கடிகாரம், ஆறு டம்ளர் செட், குங்குமச் சிமிழ் எல்லாவற்றுக்கும் இதே கதி. கடையில் வாங்கிய பரிசு நாணயம். கை மாறுவதற்கென்றே பிறந்தது. ஆனால் சித்தி பின்னிய டிவி உறையை வேறொரு கிரகப்பிரவேசத்துக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கத் துணிந்தவர் உண்டா? முடியாது. அதில் வில்லங்கம் இருக்கிறது. பரிசுப் பொருளில் கொடுத்தவரின் ஆவி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்ற மவோரி நம்பிக்கையை மார்செல் மோஸ் 1925இல் பெரிய கட்டுரையாக எழுதினார். பிரெஞ்சு அறிஞர், ஆவி வரை போக வேண்டியதாயிற்று. நம்மூர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் அரைநாள் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வில்லங்கம் என்ற ஒரே சொல்லில் வேலை முடிந்திருக்கும்.

பட்டா இருந்தால் வருடாந்திரத் தணிக்கை இருக்க வேண்டும், இருக்கிறது. வருவாய்த்துறையின் ஜமாபந்தி பொதுவாக மே, ஜூனில் தாலுகா அலுவலகத்தில் நடக்கும். வீடுகளின் ஜமாபந்தி புரட்டாசியில் நவராத்திரிக்கு நடக்கிறது. கொலு பார்க்க வருகிறவர் சுண்டலை வாங்கிக்கொண்டு, பாட்டு ஒன்று பாடச் சொன்னால் தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு, கண்ணை எங்கே ஓட்டுகிறார் என்று கவனிக்க வேண்டும். தசாவதாரத்தை ஒரு பார்வையில் முடித்துவிடுவார். அவர் தேடுவது, போன வருஷம் தான் கொடுத்த உல்லன் வாத்தை. கொலுப் படியின் ஓரத்தில், முளைவிட்ட கடுகும் கேழ்வரகும் புல்வெளியாக நிற்க, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாகப் படுக்கவைத்த அந்தப் பார்க்கில், கண்ணாடிமேல் மஞ்சள் உல்லன் வாத்து மிதந்தால் கணக்கு நேர். இல்லையென்றால், “குழந்தை எடுத்து விளையாடுகிறானோ?” என்று ஒரு கேள்வி வரும். ஜமாபந்தி அதிகாரியின் விசாரணைக் குறிப்பு அது; பதில் யோசித்துச் சொல்ல வேண்டும். நாகர்கோவில், பாளையங்கோட்டைப் பக்கம் இதே பணி டிசம்பரில் கேரல் குழு வீட்டுக்குள் வரும்போது நடக்கிறது. குடிலுக்கு மேலே தொங்கும் குரோஷா நட்சத்திரங்களில் தன்னுடையது முன்வரிசையில் இருக்கிறதா, மின்விளக்குச் சரத்துக்குப் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறதா என்பதைப் பாடிக்கொண்டே பார்த்துவிட முடியும். பண்டிகை அலங்காரம் பண்டிகை முடிந்தால் பெட்டிக்குள் போய்விடுமே, அதற்கு எப்படிப் பட்டா என்றால், அது பட்டா அல்ல, குத்தகை. வருஷத்தில் பத்து நாள். ஆனால் புதுப்பிக்கத் தவறினால் வழக்கு அதே உக்கிரத்தோடு வரும்.

இனி மறுப்புகள். எல்லாவற்றிலும் கனமானது, இதெல்லாம் அன்பினால் செய்வது, இதைப் போய் நில ஆர்ஜிதம் என்பதா என்ற கேள்வி. அன்பை இக்கட்டுரை மறுக்கவில்லை. அன்பும் பாத்தியதையும் ஒன்றையொன்று விலக்குபவை என்று யார் சொன்னது? வரப்புத் தகராறில் முன்சீப் கோர்ட் படியேறும் அண்ணன் தம்பிகள் வாய்தா முடிந்ததும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்புவது இல்லையா? மேலும் அன்பு மட்டும் என்றால் அளவெடுப்பை விளக்க முடியாது. உறை பின்ன உத்தேசித்தவர் ஒரு மாதம் முன்பே வீட்டுக்கு வருகிறார். பேச்சோடு பேச்சாக டிவி பக்கம் ஒதுங்குகிறார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து நீளத்துக்கு நாலு சாண், அகலத்துக்கு மூன்று சாண் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு, காப்பி நன்றாக இருக்கிறது என்கிறார். 1980களில் யூ.டி.ஆர். என்னும் நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்புத் திட்டப் பட்டாவுக்காகக் கிராமம் கிராமமாகப் போன சர்வேயர்களிடம்கூட இந்த நிதானம் இருந்ததில்லை. அந்தப் பட்டாக்களின் பிழைகளுக்கு மக்கள் இன்றுவரை மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அத்தை அளந்ததில் ஒரு விரற்கடை பிசகியதில்லை.

உறையைச் சுருட்டிப் பீரோவில் போட்டுவிட்டால் ஆக்கிரமிப்பு அகன்றுவிடாதா என்பது இரண்டாவது மறுப்பு. அகலாது. அவர் வருவதாகப் போன் வந்ததும் அதே வீட்டில் என்ன நடக்கிறது? பீரோ திறக்கிறது, அந்துருண்டை வாசனையோடு உறை வெளியே வருகிறது, மடிப்புத் தெரியாமல் தண்ணீர் தெளித்து நீவப்படுகிறது, அவர் செருப்பைக் கழற்றும்போது அது டிவி தலையில் இருக்கிறது. உரிமையாளர் வெளியூரில் இருந்தால் நிலம் தரிசாகக் கிடக்கும். அதனால் பட்டா ரத்தாவதில்லை. மூன்றாவதாக, கைக்குழந்தையின் உல்லன் காலுறைக்கும் பாட்டியின் சுருக்குப்பைக்கும் ஏது நிலம் என்று கேட்கிறார்கள். சுருக்குப்பைக்குப் பாட்டியின் இடுப்பு நிலம்; நடமாடும் நிலம் என்பதால் சர்வே எண் கொடுப்பது மட்டும் சிரமம். காலுறை விஷயத்தில் கோட்பாடு கொஞ்சம் தடுமாறுகிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். குழந்தையின் பாதம் நாலு மாதத்தில் நிலத்தை மீட்டுக்கொண்டுவிடுகிறது. ஆயினும் அந்த நாலு மாதத்துக்குள் எடுத்த போட்டோவில் காலுறை தெரிய வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார்களே, அதை நகல் பத்திரம் என்று கொள்வதில் தவறில்லை.

கால அளவு பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி தனியார் நிலத்தை எதிரிடையாக அனுபவிப்பவரை 12 ஆண்டுக்குள் வழக்குப் போட்டு வெளியேற்ற வேண்டும்; அரசு நிலத்துக்கு 30 ஆண்டு. பின்பக்கம் கனத்த அந்தப் பழைய டிவிகள் பல வீடுகளில் பன்னிரண்டைத் தாண்டியே உழைத்தன. ஒருவரும் வழக்குப் போடவில்லை. அனுபோக பாத்தியதை முற்றிலும் சித்தியாகிவிட்டது. அதன்பிறகுதான் தட்டை டிவி வந்தது. நிலத்தையே இல்லாமல் ஆக்கிய சீர்திருத்தம் அது. எந்த உச்சவரம்புச் சட்டமும் செய்யாததைச் செய்தது. இரண்டு விரல் தடிமனில் அன்னாசி டிசைன் நிற்காது. கீழே வழுக்கி விழும், அல்லது திரையை மறைத்து ரிமோட்டின் சமிக்ஞையையும் மறைக்கும். இழப்பீடு யாருக்கும் வழங்கப்படவில்லை. பட்டாதாரர்கள் போராடாமல் குடிபெயர்ந்தார்கள்: சிலர் மிக்ஸிக்கு, சிலர் தண்ணீர் ஃபில்டருக்கு, பெரும்பாலோர் ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு. கைப்பிடியின் பரப்பு சொற்பம்தான். ஆனால் வீட்டில் ஒவ்வொருவரும் தினமும் பத்து முறை தொட்டாக வேண்டிய இடம் என்பதால் சந்தை மதிப்பு டிவி தலையைவிடக் கூடுதல். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் பட்டா ஒருவருக்கே என்பதால் சிக்கல் இல்லை. மேலும் கீழுமாக இரண்டு கதவு உள்ள ஃபிரிட்ஜில், நாத்தனார் பின்னிய உறை ஃபிரீஸர் கைப்பிடிக்கும் ஓரகத்தி பின்னியது கீழ்க்கதவுக்கும் போனால், எப்போதாவது திறக்கும் கதவு தனக்கு ஒதுக்கப்பட்டது பாகப்பிரிவினையில் பாரபட்சம் என்று நாத்தனார் தரப்பு வாதிட இடமுண்டு. பரப்பு சமம் என்பது எதிர்த்தரப்பின் பதில். மேல்கதவைத் திறந்தால் ஐஸ்கிரீம் இருக்கிறது என்பதையும் மதிப்பீட்டில் சேர்க்க வேண்டுமா என்பது இன்னும் தீர்ப்பாகவில்லை.