தேவலோக நாய்க்குச் சம்பளம் உண்டா? – ஒரு தொடக்கநிலை ஆய்வு

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கற்பனைப் பாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி 1974இல் வெளியானது. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பகடை உருள்கிறது. ஆனால் வேற்றுலகங்களிலிருந்து வரவழைக்கப்படும் உயிர்களின் வேலை நிலைமை குறித்து அறிஞர் பெருமக்கள் போதிய அக்கறை காட்டியதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை இயன்ற அளவு போக்க முயல்கிறது.

முதன்மைச் சான்று, 2003இல் வந்த இந்த விளையாட்டு விதிநூலின் 3.5 பதிப்பு. அதில் ஆகக் கடைசிப் படியில் இருக்கும் வரவழைப்பு மந்திரத்துக்கே தேவலோக நாய் வந்து நிற்கும். முதல் நிலை மந்திரவாதி கூப்பிட்டால் அதன் பணிக்காலம் ஒரு சுற்று, அதாவது 6 விநாடி. ஐந்தாம் நிலைக்காரர் கூப்பிட்டால் 30 விநாடி. தேவலோகத்தில் அது தூங்கிக்கொண்டிருந்ததா, குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. வந்ததும் எதிரியைக் கடிக்க வேண்டும். சொன்னது புரிகிற பிராணியாக இருந்துவிட்டால் இன்னும் மோசம்: இருட்டு நடைபாதையில் முன்னால் ஓடி, பொறி எங்கே இருக்கிறது என்று தன் உடம்பாலேயே கண்டுபிடித்துத் தர வேண்டும். சுவரிலிருந்து ஈட்டி பாயும், நாய் மறையும், மேஜையைச் சுற்றி இருப்பவர்கள் சிப்ஸ் பாக்கெட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்துவார்கள். இரங்கல் தீர்மானம் கிடையாது.

அந்த நாய் உண்மையில் சாகவில்லை என்பது எதிர்த்தரப்பு வாதம். விதிநூலும் அதைத்தான் சொல்கிறது: இப்படி வீழ்ந்த உயிர் தன்னுலகில் மறுபடி உருத்திரள 24 மணி நேரம் ஆகும், அதுவரை அதை அழைக்க முடியாது. ஆறு விநாடி வேலை, ஒரு நாள் மருத்துவ விடுப்பு. வலித்ததா என்பது பற்றி மட்டும் நூல் மூச்சு விடவில்லை.

பாவ புண்ணியக் கணக்கு இதைவிட விசித்திரம். நரகத்து எலியை வரவழைத்தால் அந்த மந்திரமே தீய மந்திரமாகிவிடும். அந்த எலியை வைத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினாலும் விதி மாறாது. தேவலோக நாயை ஈட்டிக்கு இரையாக அனுப்பினாலோ அது நல்ல மந்திரம்! யார் வருகிறார் என்பதே நூலுக்கு முக்கியம், வந்தவர் என்ன ஆனார் என்பதல்ல.

இனி பெரிய இடத்து விவகாரம். வேற்றுலக உயிரை உடலோடு இழுத்து வரும் மந்திரங்களும் உண்டு. அப்படி வந்தது செத்தால் செத்ததுதான். இங்கே மந்திரவாதியும் பூசாரியும் இரண்டு வழியில் போகிறார்கள்.

மந்திரவாதி தரையில் ஒரு வட்டம் வரைகிறார். சாலமோன் பெயரில் வழங்கும் பழைய ஐரோப்பிய மாந்திரிக நூல்களில் வட்டம் மந்திரவாதியின் பாதுகாப்புக்கு. அவர்தான் உள்ளே நிற்பார். விளையாட்டில் அந்த வட்டம் உள்நோக்கித் திரும்பி, வந்தவருக்குச் சிறையாகிவிட்டது. பிறகு பேரம். மறுத்தால் 24 மணி நேரம் கழித்து மறுபடி பேரம். ஒப்புக்கொள்ளும் வரை தினமும் இதே பாடு. கொத்தடிமை முறை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் சட்டப் புத்தகத்தில்கூடக் கிடைக்காது. மந்திரவாதியின் பகடையில் ஒன்று விழுந்தாலோ கைதி வெளியே வந்துவிடும். அவரையே தாக்கவும் செய்யலாம்.

பூசாரி கூலி கொடுத்து வேலை வாங்குகிறார். சில நிமிட வேலைக்கு, வருபவரின் வலிமை அளவு ஒவ்வொன்றுக்கும் 100 பொற்காசு; மணிக்கணக்கான வேலைக்கு 500; நாள்கணக்கானால் 1,000. ஆபத்தில்லாத வேலைக்குப் பாதிக் கட்டணம். உயிரை விடச் சொன்னால் பெரும்பாலும் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றும் நூலே எச்சரிக்கிறது.

பிற்காலப் பதிப்புகளைப் பார்த்தால், 2014 பதிப்பில் ஒரே மந்திரத்தில் எட்டு ஓநாய்கள்கூட வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பகடை உருட்டி ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறது என்பது ஆட்டக்காரர்களின் நெடுநாள் புகார். 2024 பதிப்பில் ஓநாய்களே காணாமல் போய், ஆவிக் கூட்டம் ஒன்று புகைபோல நகர்ந்து வருகிறது. தொழிலாளர் பிரச்சினையைத் தொழிலாளரையே நீக்கித் தீர்த்த நிர்வாகம்!

கிடைத்த சான்றுகளின்படி பூசாரி ஒருவரே யோக்கியர். ஆகவே ஆட்டத்தை நடத்துபவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மந்திரவாதி சாக்கட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், பூசாரியின் கட்டண அட்டவணையை அவர் முன்னால் எடுத்துப் போடுங்கள்.