ஆனைக்குத் தடம் உட்டாச்சா கண்ணு?

ஏங்கண்ணு, மலையடிவாரத்துல மனை வாங்கப் போறயாமா? காத்தால காப்பி டம்ளரோட பால்கனியில நின்னா மலை முச்சூடும் தெரியுமாமா? நல்லாத்தான் இருக்கும். ராத்திரி ஆனை வந்து வாழையைப் புடுங்கினா என்ன பண்ணுவ? 'யானை அட்டகாசம்'னு வாட்ஸப்புல போடுவயாக்கும்!

எங்க, அந்த புரமோட்டர் குடுத்த படத்தைக் காட்டு. அடேங்கப்பா! நீச்சல் குளம், ஜிம்மு, நாய் உலாத்தறதுக்குத் தனிப் பாதை. முப்பதடி ரோடு வேற. ரோடு உடாட்டி அப்ரூவல் தரமாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். காருக்கு முப்பதடி, நாய்க்கு மூணடி. அந்த வழியா காலங்காலமா போயிட்டிருந்த ஆனைக்கு எத்தனையடி?

நம்ம ஊருல இட்டேரிக்கு அடிச்சுக்கறது உனக்குத் தெரியாததா? பங்காளி வேலியை ஒரு முழம் தள்ளிப் போட்டா, ஆட்டை வித்தாவது கோர்ட்டுக்குப் போவோம். பத்திரத்துல 'மாமூல் தடம்'னு இருக்குதுன்னு நெஞ்சை நிமித்துவோம். ஆனை என்ன, சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கா போயி நிக்கும்? கெழவி ஆனை முன்னால போகும், குட்டி குலமெல்லாம் பின்னால போகும். அதுதான் அதுக்குப் பத்திரம்.

ஒரு நாளைக்கு நூத்தம்பது கிலோ தீனி வேணும் கண்ணு. ஒரே காட்டுல நின்னா காடு மொட்டையாகிப் போகும். அதனால நடக்குது. உன்னையாட்டம் வீக்கெண்டு டூரா போகுது?

சீகூர்ப் பக்கம் போயிப் பாரு. ஒரு பக்கம் நீலகிரி செங்குத்தா நிக்குது. இன்னொரு பக்கம் மாயாத்துப் பள்ளத்தாக்கு. நடுவால கெடக்கற அந்தச் சமவெளிதான் மேற்கு மலையையும் கிழக்கு மலையையும் சேக்குது. அங்க போயி ரிசார்ட்டைக் கட்டி, கரண்டு வேலியும் போட்டாங்க. 2010-ல அரசாங்கம் வழித்தடம்னு அறிவிச்சுது. 2011-ல ஐகோர்ட்டு சரின்னுச்சு. 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுச்சு. ஆனை நடந்த வழியைச் சொல்ல மூணு பேரு, பத்து வருசம்! அங்கயே மாடு மேய்க்கிற ஒருத்தனைக் கேட்டிருந்தா ஒரு பீடி பத்தவெக்கற நேரத்துல காட்டியிருப்பான்.

மதுக்கரைத் தண்டவாளத்துல ஆனை அடிபடுதுன்னு 2024-ல கம்ப்யூட்டர் கேமரா வெச்சாங்க. நல்ல காரியம், குத்தம் சொல்லல. ஆனா தடத்தை அடைச்சுப்போட்டு அப்புறம் கேமராவுல தேடறதுக்குப் பேரு புத்திசாலித்தனமா?

2024-லயே தமிழ்நாட்டுல 42 ஆனைத் தடம்னு ஒரு வரைவு அறிக்கையும் வந்துச்சு. எங்க வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்களோன்னு கூடலூர்ப் பக்கம் ஜனங்க பதறிப்போச்சு. பதறாம என்ன பண்ணும்? குடிசைக்காரனை மொதல்ல தூக்கிப்போட்டு, நீச்சல் குளத்துக்காரனைக் கடைசியா கேட்டா அது ஞாயமா? கூடி உக்காந்து, அங்கத்து ஜனங்களைக் கேட்டு, அப்பறமாக் கோடு போடோணும்.

அந்தக் கோடும் ஒரு பஞ்சாயத்தோட நிக்கக்கூடாது. இந்தூர்க்காரன் தடம் உட்டு, அடுத்தூர்க்காரன் செங்கச் சூளை போட்டா, ஆனை பாதி வழியில நின்னு யாரைக் கேக்கும்? ரோட்டுக்காரன் ஒரு மேப்பு, ரயில்காரன் ஒரு மேப்பு, மனைக்காரன் ஒரு மேப்பு வெச்சுட்டுத் திரியறான். எல்லாத்தையும் ஒரே மேசையில விரிச்சு, ஜில்லாவுக்கே ஒரு திட்டம் போட்டு, ஆனைத் தடத்தை மொதல்ல குறிக்கோணும். மிச்சத்துல மனை போடு, மில்லு கட்டு, யாரு வேண்டாங்கறா?

அதனால கண்ணு, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னால ரெண்டு காரியம் பண்ணு. அந்தக் கிராமம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்துப் பட்டியல்ல இருக்குதான்னு பாரு. அப்பறம் ஆடு மேய்க்கற கெழவன் ஒருத்தனைப் புடிச்சு, ஆனை எந்தப் பக்கமா வரும்னு கேளு. உன்ற மனைப் பக்கமா அவன் கையை நீட்டினா, பேசாம ஊருக்குள்ளயே ஒரு வீட்டைப் பாத்துக்க. மலை எங்கீயும் போயிடாது. பஸ்ஸேறிப் போயிப் பாத்துட்டு வா.