"எப்ப பொகைக்குது, சேர்?"

உக்குவளையில் ஒருவருடைய கார் நீலமாகப் புகைக்கத் தொடங்கினால் அது ஊர்ப் பொதுச்சொத்தாகிவிடும். எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனிதர்கள்கூட, ஓடுகிற காரை மறித்துக் கண்ணாடியை இறக்கச் சொல்லி விசாரிக்கிறார்கள். "சேர், பின்னால பாத்தீங்களா?" பின்னால் பார்த்துப் பார்த்தே கழுத்துப் பிடித்து, வீட்டில் சித்தாலேப டப்பா ஒன்று தீர்ந்துவிட்டது.

வண்டி, டொயோட்டா கொரோலா கேஈ 70. எண்பதுகளின் தொடக்கத்தில் யப்பானில் பிறந்தது. 1290 சீசீ 4கே எஞ்சின், கார்பரேட்டர், எட்டு வால்வு. நம்பர் தட்டில் 'ஸ்ரீ' இருக்கிறது. 1957 இல் அந்தச் சிங்கள எழுத்தைத் தட்டில் கொண்டுவந்தபோது அதன்மேல் தார் பூசிப் போராடிய சனம் நாங்கள். இன்றைக்கு ஸ்ரீ நம்பர் என்றால் பழைய காருக்கு ஒரு மவுசு, நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைத்து மினுக்குகிறேன். காலம் யாரை எதைத் துடைக்க வைக்கும் என்று சொல்ல முடியாது.

ஏன் இன்னும் இதையே கட்டி அழுகிறாய் என்று கேட்பவர்களுக்கு நாட்டின் கதையைத்தான் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் சொந்தப் பாவனைக் கார்களுக்குக் கதவைத் திறந்தார்கள். திறந்த பிறகு வரியோடு சேர்த்து விலையைக் கேட்டவர்கள், மூடியிருந்த காலமே நிம்மதி என்று வீட்டுக்கு வந்து தங்கள் பழைய காரைக் கழுவினார்கள். அதனால் இந்த நாட்டில் எஞ்சின்கள் சாவதில்லை, வயதாகி இருமிக்கொண்டு மட்டும் இருக்கும்.

என் கார் இருமுவதற்குத் தேர்ந்தெடுத்த இடம் ரெயில் கேட். கண்டியிலிருந்து மாத்தளைக்கு 1880 இல் போட்ட பாதை உக்குவளை வழியாகத்தான் போகிறது. கேட் மூடியதும் எஞ்சினை ஓடவிட்டபடியே நிற்பேன். கோச்சி நிதானமாக வந்து நிதானமாகப் போகும். கேட் திறந்து அக்சிலேட்டரில் கால் வைத்ததும் பின்னால் நீல மேகம் ஒன்று குப்பென்று எழும்பி, மோட்டார் சைக்கிளில் நிற்கும் நாலு பேரை விழுங்கும். மேகம் கலைந்து அவர்கள் வெளிப்படும்போது ஒவ்வொருவரும் ஒரு மெக்கானிக்காக வெளிப்படுவார்கள்.

"ரிங்ஸ் போச்சு. எஞ்சின இறக்கணும்." இது த்ரீவீல் தம்பி சொன்னது. சொன்னவருடையது பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. பெற்றோலோடு ஒயிலையும் கலந்து எரிப்பதுதான் அந்த எஞ்சினின் பிறவிக் குணம், அந்த வகை வண்டிகளின் இறக்குமதியையே புகைக்காக நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் என் புகையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார். கடை முதலாளி, "ஹெட் கேஸ்கட்" என்றார். கேஸ்கட் போனால் பெரும்பாலும் தண்ணீர்தான் சிலிண்டருக்குள் போகும், புகை வெள்ளையாக வரும், ரேடியேட்டரில் தண்ணீர் குறையும். பெற்றோல் கூடுதலாகப் போனால் கறுப்பு. நீலம் என்றால் ஒயில். இந்த மூன்று நிறப் பாடம் தெரிந்தாலே பாதிப் பேரின் வாயை அடைக்கலாம். அவரிடம் கடனுக்குப் பாண் வாங்குகிறவன் என்பதால் நான் அடைக்கவில்லை.

கொழும்பில் இருக்கும் மச்சானுக்குப் போனில் சொன்னேன். அவருக்கு எந்த வியாதிக்கும் ஒரே மருந்து பஞ்சிகாவத்தை. "அந்த எஞ்சின தூக்கி எறிஞ்சிட்டு வேற ஒண்டு எடுத்துப் போடுங்க மச்சான். பஞ்சிகாவத்தையில இல்லாத சாமானா?" பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்பது உண்மை. அங்கே கிடைக்கும் பழைய எஞ்சின் எந்த ஊர் ரெயில் கேட்டில் இருமிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மாமி, டயருக்கு அடியில் வைக்கத் தேசிக்காய் எடுத்து வந்தார். இதுவரை கிடைத்த வைத்தியங்களில் மலிவானது இதுதான் என்பதால் மறுக்காமல் ஏற்றி நசுக்கினேன்.

புகை ஏன் நீலமாகத் தெரிகிறது என்பதை எங்கள் ஊர்க்காரருக்கு விளக்குவது சுலபம். எஞ்சினுக்குள் போன ஒயில் முழுதாக எரியாமல், ஆவியாகி வெளியே வந்து குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண் துளிகளாகக் காற்றில் நிற்கும். அவ்வளவு சிறிய துளிகள் வெளிச்சத்திலுள்ள நீலத்தைத்தான் அதிகமாகச் சிதறடிக்கும். கிழக்கே தெரியும் நக்கிள்ஸ் மலைகள் தூரத்தில் நீலமாகத் தெரிவதற்கும் இதே வகைச் சிதறல்தான் காரணம். மலையின் நீலத்தைப் படம் பிடிக்க வெள்ளைக்காரர்கள் ரிக்கெட் போட்டு வருகிறார்கள். என் நீலத்தைப் படம் பிடித்தது ஒரு ட்ராபிக் பொலிஸ்காரர் மட்டும்.

ஒயில் சிலிண்டருக்குள் போக வழக்கமாக இரண்டு பாதை. கீழேயிருந்து வருவது ஒன்று: பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்ஸ் தேய்ந்தோ, கரி பிடித்து ஒட்டிக்கொண்டோ போனால், சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலை வழித்து இறக்க முடியாமல் மேலே விட்டுவிடும். மற்றது மேலேயிருந்து: வால்வுத் தண்டின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் ரப்பர் சீல் கெட்டியாகி வெடித்தால், ஹெட்டில் இருக்கும் ஒயில் தண்டு வழியே சொட்டிச் சொட்டி இறங்கும். வழி தவறிய திரவம் எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 8 கிலோமீற்றர் மலையைக் குடைந்து, போகவேண்டிய திசைக்குப் போகவிடாமல் உக்குவளை மின்நிலையத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள், 1976 இலிருந்து. அந்தத் தண்ணீர் கரண்ட் தந்துவிட்டு சுது கங்கையில் சேர்கிறது. என் ஒயில் எதுவும் தராமல் சைலன்சரில் சேர்கிறது.

இரண்டு பாதைக்கும் செலவு ஒன்றல்ல. ரிங்ஸ் என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும், சிலிண்டரும் தேய்ந்திருந்தால் போரிங் போட லேத்துக்கு அனுப்ப வேண்டும், அது முடிவதற்குள் வீட்டில் ஒரு நகையாவது வங்கிக்குப் போய்விடும். சீல் என்றால் உள்ளங்கையில் அடங்கும் எட்டு ரப்பர் துண்டுகள். ஊரில் ஒருவர்கூடச் சீல் என்று சொல்லவில்லை. மற்றவன் எஞ்சினில் கைவைக்கும்போது யாரும் சிக்கனம் பார்ப்பதில்லை.

கடைசியில் போனது மாத்தளை வீதியில் கராஜ் வைத்திருக்கும் பாஸிடம். வயதான முஸ்லிம் மனிதர், பேச்சு குறைவு. நான் வண்டியை நிறுத்திப் புகையைப் பற்றி ஒரு விரிவுரை ஆற்றினேன். எவ்வளவு புகை, எத்தனை பேர் இருமினார்கள், யார் யார் என்ன சொன்னார்கள். அவர் பிளேன் டீயை ஊதிக்கொண்டே கேட்டார்:

"எவ்வளவு பொகைன்னு கேக்கல்ல சேர். எப்ப பொகைக்குது?"

இதை இத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் யோசித்ததில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு பெரிய மூச்சு, பிறகு அடங்கிவிடும். கேட்டில் நின்று கிளம்பும்போது இன்னொன்று. ஏற்றத்தில்? நினைவுக்கு வரவில்லை.

"வாங்க, எல்கடுவ ரோட்டுல ஏறிப் பாப்பம்."

அந்த ரோடு தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறுகிற ரோடு. பாஸ் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து பின் கண்ணாடியையே பார்த்தார். இரண்டாம் கியரில், கால் முழுவதும் மிதித்து, எஞ்சின் முனகி முனகி ஏறியது. பின்னால் ரோடு சுத்தமாக இருந்தது. ரிங்ஸ் போன எஞ்சின் என்றால் பாரம் ஏறும்போதுதான் நிற்காமல் புகைக்கும் என்றார். மேலே போய்த் திருப்பினோம். இறக்கத்தில், "காலை எடுத்துருங்க. கியர்லயே வரட்டும்" என்றார். அக்சிலேட்டர் மூடியிருக்க எஞ்சின் வண்டியைப் பிடித்திழுக்கும்போது, உள்ளே காற்றுக்கு வழியில்லாமல் பலமான உறிஞ்சல் உண்டாகும். அந்த உறிஞ்சல், கிழிந்த சீல் வழியாக ஒயிலை இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்ளும். வளைவுகளெல்லாம் முடிந்து சமதரை வந்ததும், "இப்ப மிதிங்க" என்றார். மிதித்தேன். மிளகுக் கொடி படர்ந்த வேலி ஒன்று முழுதாக மறைந்துபோனது.

"மேல தான் ஒழுகுது" என்றார் பாஸ், மறைந்த வேலியைப் பாராட்டுவது போல.

கோடிக்கணக்கில் கருவி வைத்திருக்கும் இடங்களில் கணினியைச் செருகிப் பார்ப்பதை, பாஸ் ஒரு மலையைச் செருகிப் பார்த்துவிட்டார். ஆனாலும் அவர் மலையை மட்டும் நம்புகிறவர் அல்ல. கராஜுக்கு வந்ததும், எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்து வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ரிங்ஸ் வழியே எரிந்த வாயு கீழே இறங்கினால் அங்கே குபுகுபுவென்று கையைத் தள்ளும். தள்ளவில்லை. அந்த வாயுவை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் சின்ன வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினார். கிலுகிலு என்று சத்தம் வந்தால் நல்லது. வரவில்லை, அழுக்குப் பிடித்து அடைத்திருந்தது. பெற்றோலில் கழுவி, கிலுகிலுக்க வைத்துப் பூட்டினார். இது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி ஒயிலைப் போகக்கூடாத இடமெல்லாம் தள்ளும். இந்த ஒன்றை மட்டும் கழுவி, பெரிய செலவிலிருந்து தப்பியவர்களும் உண்டு. எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

பிறகு ப்ளக் நாலையும் கழற்றி வரிசையாகப் பலகையில் வைத்தார். இரண்டு, பிஸ்கட் நிறத்தில் காய்ந்திருந்தன. மற்ற இரண்டின் நுனியும் கறுத்து, எண்ணெயாகப் பளபளத்தன. கம்ப்ரெஷன் மானியை ஒவ்வொரு ப்ளக் துளையிலும் வைத்து என்னை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னார். நாலும் 140 க்கும் 150 க்கும் இடையில். துளைக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி அடித்தோம். ரிங்ஸ் தேய்ந்திருந்தால் அந்த ஒயில் இடைவெளியை அடைத்து ஊசி சட்டென்று ஏறும். ஊசி அசையவில்லை என்றே சொல்லலாம். த்ரீவீல் தம்பி, பஞ்சிகாவத்தை மச்சான் இருவரின் தீர்ப்பும் அந்தத் தேக்கரண்டியில் தள்ளுபடியானது.

சீல் மாற்ற ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பாஸ் கேட்டது நைலோன் கயிறு, கிடைத்தது எங்கள் வீட்டுக் கொடிக் கயிறு. பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கி, ப்ளக் துளை வழியாகக் கயிற்றைச் சுருள் சுருளாக உள்ளே தள்ளி, நுனியை வெளியே விட்டு, ஸ்பானரால் எஞ்சினைக் கையால் சுற்றினார். பிஸ்டன் ஏறிக் கயிற்றை வால்வுகளின் அடியில் வைத்து நெருக்கியது. இனி ஸ்பிரிங்கைக் கழற்றினாலும் வால்வு கீழே விழாது. தண்டைப் பிடித்திருக்கும் இரண்டு பாதித் துண்டுகளைக் காந்தத்தால் தூக்கினார். அதற்கு முன் ஹெட்டிலுள்ள ஒவ்வொரு துளையையும் துணியால் அடைத்திருந்தார். அந்தத் துண்டு ஒன்று தவறி உள்ளே விழுந்தால் ஒயில் சட்டி வரை போய்விடும், தேடி எடுக்கச் சட்டியைக் கழற்ற வேண்டும். வெளியே வந்த பழைய சீல் ரப்பராகவே இல்லை. நகத்தால் அழுத்தினேன், டிக் என்று இரண்டாக உடைந்தது.

அன்று வீட்டில் துணி காயப்போடக் கயிறு இல்லை என்பதை மனைவி பிறகுதான் கண்டுபிடித்தார்.

புகை நின்ற பிறகுதான் வருட லைசன்ஸுக்காக எமிஷன் டெஸ்டுக்குப் போனேன். அங்கே தெரிந்துகொண்டது இது: டீசல் வண்டியில்தான் புகையின் அடர்த்தியை அளக்கிறார்கள். பெற்றோல் வண்டிக்குக் குழாயைச் செருகி காபன் மொனொக்சைட்டையும் எரியாத ஹைட்ரோகாபனையும் பார்க்கிறார்கள். நீலத்துக்கென்று தனி மீற்றர் கிடையாது. எரியாத ஒயில் ஹைட்ரோகாபன் கணக்கில் கொஞ்சம் ஏறும். ஆனால் சூடான எஞ்சினை நிதானமாக ஓடவிட்டு அளக்கும் அந்த நேரத்தில், சீல் போன வண்டி சாதுவாக நின்று பாஸாகிவிடவும் கூடும். பழைய கார் விற்கிறவர்களுக்கும் இந்த ரகசியம் தெரியும். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து, காலைப் புகையைக் கக்கவைத்து, எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். தடித்த ஒயிலும், புகையை நிறுத்தும் என்று போத்தலில் விற்கும் பாகும் அதற்கு மேல். கார் வாங்கப் போனால் விலை பேசுமுன் பொனட்டில் கை வையுங்கள். சுட்டால், நாளை விடியற்காலை வருகிறேன் என்று சொல்லுங்கள், முகம் மாறுகிறதா பாருங்கள்.

பாஸ் எனக்குக் கடைசியாகச் சொன்னது, ஒயில் துளிகூடக் குறையக்கூடாது என்று கனவு காணவேண்டாம் என்பது. 1000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் வரை குடிக்கலாம் என்று டொயோட்டாவே தன் கையேடுகளில் எழுதி வைத்திருக்கிறது. 20-50 ஊற்றி, வாரம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் போதுமாம்.

மச்சானுக்கு வெற்றிச் செய்தியைப் போனில் சொன்னேன். எஞ்சின் மாற்றவில்லை, எட்டு ரப்பரும் ஒரு கொடிக் கயிறும்தான், புகை அறவே நின்றுவிட்டது என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அறவே நிண்டுட்டா? அப்ப ஒயில் முடிஞ்சிருக்கும் மச்சான். ஓடிப்போய்ப் பாருங்க."

சிரித்துவிட்டு போனை வைத்தேன். பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். மேல் கோட்டில்தான் நின்றது.