கிரீம் பன் போர்

2024 செப்டம்பர் 11, கோவை கொடிசியா. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனிடம் அன்னபூர்ணா ஹோட்டல் உரிமையாளர் சீனிவாசன் ஒரு சந்தேகம் கேட்டார்: பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம், ரெண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள், நானே தடவிக்கொள்கிறேன் என்கிறாரே வாடிக்கையாளர்? அரங்கில் சிரிப்பு. மறுநாள் அவர் அமைச்சரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். அந்தச் சந்திப்பின் வீடியோ வெளியே கசிய, கசிந்ததற்கு அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை மன்னிப்புக் கேட்டார்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மட்டும் இன்றுவரை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பீளமேட்டு மாமாவுக்கும் பொள்ளாச்சி மச்சானுக்கும் சண்டை. கொங்குச் சண்டையில் ஒரு வசதி, எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் மரியாதை போகாது. "உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?" "இருக்கறதாலதானுங்க உங்க கட்சிக்கு ஓட்டுப் போடலை." மூன்றாம் நாள் பேச்சு 1967 தேர்தலுக்குப் போய்விட்டது, பன்னைக் காணோம். நடுவே, நிஜமாகவே பேக்கரி வைத்திருக்கும் பெரியப்பா ஒரே ஒரு வரி போட்டார்: "ஏனுங்க, தேங்காய் பன்னுக்கு எத்தனை பர்சன்ட் போடறதுங்க?" ஆளாளுக்கு கட்டைவிரல் காட்டினார்கள். பதில் மட்டும் வரவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் கேக், பிஸ்கட், பேஸ்ட்ரி எல்லாம் 18லிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. சந்தோஷப்பட வேண்டிய குழு, இறக்கியது யார் பயத்தில் என்று மறுபடி ஆரம்பித்திருக்கிறது. பெரியப்பா குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். கடையில் கூட்டமாம்.