சிஸ்டருக்கு மைசூர்பா: ஒரு கள ஆய்வு

வள்ளுவர் செய்ந்நன்றி அறிதலை 11-ஆம் அதிகாரத்தில் வைத்தார். மருந்தை 95-இல் வைத்தார். இடையில் 83 அதிகாரங்கள் கிடக்கின்றன. 950-ஆம் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு கூட இருந்து கவனிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்காகப் பகுத்தவர், அந்த நான்காமவருக்கு டிஸ்சார்ஜ் அன்று எதை வாங்கிக் கொடுப்பது என்று சொல்லாமல் போய்விட்டார். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-இல் வெளியிட்ட செவிலியர் குறிப்பு நூலில் நோயாளியின் உணவுக்கு இரண்டு அத்தியாயங்கள் உண்டு. செவிலியரின் தீனிக்கு ஓர் அத்தியாயமும் இல்லை. ஆகவே இத்துறை இன்றளவும் நோயாளியின் மச்சினன் பொறுப்பில் விடப்பட்டுள்ளது.

மச்சினனின் ஆய்வு முறை எளிது. டூவீலரில் ஸ்வீட் கடைக்குப் போய், அங்கிருந்து போன் செய்வார். “அக்கா, எத்தன பேரு இருப்பாங்க?” “தெரியலடா, எதுக்கும் ஒரு கிலோவா வாங்கு.” இந்த ‘எதுக்கும்’ என்ற அளவுகோலை மிஞ்சிய புள்ளியியல் கருவி இத்துறையில் இன்னும் தோன்றவில்லை.

இவ்வாய்வின் எல்லை தனியார் மருத்துவமனை மட்டுமே. அரசு மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சர் தள்ளும்போதே நன்றி முன்பணமாகக் கேட்கப்படுவதுண்டு என்பர். அது லஞ்ச ஒழிப்புத் துறையின் ஆய்வுப் பரப்பு.

இனி மையக் கருதுகோள். இனிப்பு, உழைத்தவரைச் சென்றடைவதில்லை; அந்நேரத்தில் டூட்டியில் இருப்பவரைச் சென்றடைகிறது. காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் “வீட்டுக்குப் போகலாம்” என்கிறார். பதினோரு மணிக்கு ஃபைல் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்குப் போகிறது. கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் சுற்றறிக்கை விடுத்தது. பதினொன்றோடு மூன்றைக் கூட்டினால் இரண்டு. பல மருத்துவமனைகளில் காலை ஷிஃப்ட் முடிவதும் சரியாக அந்த இரண்டு மணிக்குத்தான். அதாவது விதி முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டாலும், பெட்டி கைமாறும் நேரத்தில் காலை சிஸ்டர் ஓவர் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்பார். விடியற்காலை மூன்று மணிக்கு நரம்பு கிடைக்காமல் டார்ச் அடித்துத் தேடி, இரண்டாவது குத்தில் வென்ஃப்ளான் போட்டவரோ நைட் ஆஃபில் ஹாஸ்டலில் தூங்குகிறார். நோயாளியின் முகத்தையே அன்றுதான் பார்க்கும் மதிய ஷிஃப்ட் சிஸ்டர், “எதுக்கு சார் இதெல்லாம்” என்று கூச்சத்தோடு வாங்கிக் கேஸ் ஷீட் அடுக்கின் மேல் வைக்கிறார். மேலே இருக்கும் சுகர் சார்ட்டில், நேற்று 280 என்று எழுதிய இடத்தில், நெய் மெல்லப் பரவுகிறது. அந்த 280-க்கு உரியவரின் குடும்பம்தான் மைசூர்பா வாங்கி வந்தது.

எனவே பரிசுப் பொருள், இரவு டூட்டி வரையாவது தாக்குப்பிடிக்க வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஃபிரிட்ஜ் கேட்கும். வார்டு ஃபிரிட்ஜில் இன்சுலின் குடியிருக்கிறது, தின்பண்டத்துக்கு அங்கே அனுமதி இல்லை. அல்வா, ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை கழுவ வேண்டியவரின் விரலிடுக்கில் தங்கும். மணப்பாறை முறுக்கை (குறியீடு 2023) நள்ளிரவு ஐ.சி.யூ.வில் கடித்தால் மானிட்டர் அலாரம் என்று நினைத்து டூட்டி டாக்டர் ஓடி வருவார். எஞ்சுவது கோவில்பட்டி கடலை மிட்டாய். 2020-இல் குறியீடு, ஈரமில்லை, ஒட்டாது, மூன்று ஷிஃப்டையும் தாண்டும். ஆயினும் கடலை மிட்டாயைக் கொடுத்தால் ‘கஞ்சப் பிசினாறி’ என்று பெயர் வரும் என்பதால் எந்த மச்சினனும் இதை ஏற்கமாட்டார்.

ஆய்வாளரின் சொந்தப் பரிந்துரை பேனா. ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் “சிஸ்டர், பேனா” என்று கை நீட்டுவார், எழுதுவார், தன் பையில் செருகிக்கொண்டு அடுத்த வார்டுக்குப் போவார். அங்கேயும் “சிஸ்டர், பேனா” என்பார். ஒரு கிலோ நெய் மைசூர்பாவின் விலைக்குப் பத்து ரூபாய் பேனா ஐம்பதுக்குக் குறையாமல் வரும்.

செலவே இல்லாத வழியும் உண்டு: கருத்துப் படிவத்தில் பெயரைக் குறிப்பிட்டு நாலு வரி எழுதலாம். நர்சிங் சூப்பிரண்டு வரை போகும். இடர் என்னவெனில், பத்து நாளும் ‘சிஸ்டர்’ என்றே கூப்பிட்டதால் பெயர் தெரியாது. படிவத்தில் ‘கண்ணாடி போட்ட சிஸ்டர்’ என்று எழுதுகிறார்கள். வார்டில் கண்ணாடி போட்டவர் மூவர். பெட் பேன் எடுத்த ஆயாம்மாவுக்கு அந்த அடையாளமும் கிடையாது. பெட்டி அவரிடம் வரும்போது உடைந்த துண்டுகளே மிஞ்சும். பேரனுக்கென்று பேப்பரில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார். முதல் துண்டை அவரிடம் நேரில் கொடுப்பதே முறை என்பது என் துணிபு.

ஐ.சி.யூ. வாசல் செக்யூரிட்டி குறித்துத் தனி ஆய்வு தேவை. “ஒரு பாஸுக்கு ஒரு ஆள்தான்” என்று பத்து நாளும் மறித்தவர், டிஸ்சார்ஜ் அன்று மட்டும் வீல்சேரைத் தானே தள்ளிக்கொண்டு வந்து, கார்க் கதவைத் திறந்து, சாத்தி, சாத்திய பிறகும் அங்கேயே நிற்கிறார்.