இடுப்பில் ஒரு குதிரை

ரத்த அழுத்த மாத்திரை டப்பாவின் மூடியை அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். பிள்ளைகள் திறந்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அமெரிக்காவில் 1970-ல் சட்டம் போட்டுச் செய்த ஏற்பாடு. எனக்கு 66 வயதாகி, விரல் மூட்டெல்லாம் வீங்கி, நானும் பிள்ளைகள் கட்சியில் சேர்ந்துவிட்டேன். மருந்துக் கடைப் பெண்ணிடம் சொன்னபோது, "சாதாரண மூடி போட்டுத் தருகிறேன், நீங்களாகக் கேட்டீர்கள் என்று இதில் ஒரு கையெழுத்து" என்று அட்டையை நீட்டினாள். போட்டுக் கொடுத்தேன். அதே மாதம், அதே சாலையில் நாலு கடை தள்ளி ஒரு பிஸ்டல் பார்க்கப் போனேன். அங்கேயும் படிவம் உண்டு, வரிசையாகக் கேள்விகள் உண்டு. சேஃப்டி வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் அதில் இல்லை. அதைக் கடைப் பையன் வாயால் கேட்டான், காபிக்குச் சர்க்கரை போடவா என்கிற மாதிரி.

1997-ல் துப்பாக்கியோடு நடமாடுவது இவ்வளவு லேசான காரியமாக இல்லை.

ஹூஸ்டனில் கிரீன் கார்டு கைக்கு வந்ததும் நம்மவர்கள் வீடு பார்ப்பார்கள். நான் துப்பாக்கி பார்த்தேன். அபார்ட்மெண்டில் கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு ராத்திரி ஒருத்தன் கத்தியைக் காட்டி என் பர்ஸை வாங்கிக்கொண்டு போயிருந்தான். உள்ளே இருந்தது 11 டாலரும் நூலக அட்டையும். அட்டை போனதில்தான் எனக்கு அதிக வருத்தம். ஆனாலும் மறுவாரமே லைசென்ஸ் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன்.

டெக்சாஸ் என்றால் ஆளுக்கொரு துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிவார்கள் என்று ஊரில் நினைப்பு. உண்மையில் 1871-லிருந்து அங்கே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடப்பது குற்றமாக இருந்தது. அதை மாற்றியது ஒரு மதியச் சாப்பாடு. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரில் லூபீஸ் என்ற உணவகத்தின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒருவன் வண்டியை உள்ளே ஓட்டிவந்து, இறங்கிச் சுட ஆரம்பித்தான். 23 பேர் செத்தார்கள். சுசானா ஹப் என்பவர் அப்பா அம்மாவோடு அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய ரிவால்வர் வெளியே காரில் இருந்தது. கைப்பையில் கொண்டுபோனால் சட்டம் பிடிக்கும் என்று விட்டுவிட்டு வந்திருந்தார். பெற்றோர் இருவரும் அன்றைக்கே போனார்கள். அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார். 1995-ல் ஆளுநராக இருந்த புஷ், பின்னாளில் ஜனாதிபதியான மகன் புஷ், கையெழுத்துப் போட்டார். 1996 ஜனவரி 1 முதல் லைசென்ஸ் எடுத்தவர்கள் மறைத்து வைத்துக்கொண்டு போகலாம் என்று ஆனது.

லைசென்ஸுக்கு 140 டாலர், கைரேகை, பத்து மணி நேரத்துக்குக் குறையாத வகுப்பு. கடைசியில் சுடுகிற தேர்வு: 3, 7, 15 கஜத்தில் ஐம்பது குண்டு, 250-க்கு 175 எடுத்தால் பாஸ். ரிவால்வரில் தேர்வு எழுதினால் ரிவால்வர் மட்டும்தான் வைத்துக்கொள்ளலாம்; செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் எழுதினால் இரண்டும் வைத்துக்கொள்ளலாம். கியர் இல்லாத வண்டி லைசென்ஸ், கியர் வண்டி லைசென்ஸ் மாதிரி. ஆகவே ரிவால்வர்காரர்களும் அன்றைக்கு மட்டும் யாரிடமாவது பிஸ்டல் கடன் வாங்கி வந்தார்கள். எனக்கு 234 மார்க். காகிதம் திருப்பிச் சுடாது.

முதலில் நான் வாங்கியது பழைய கோல்ட் 1911, இரண்டாம் கை. குண்டு போடாமலே ஒரு கிலோ நூறு கிராம். ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை இடுப்பின் வலது பக்கம் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து பாருங்கள், தெரியும். பேண்ட் ஒருபக்கமாக இறங்கும். இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டே நடக்க வேண்டும். மறைக்க வேண்டுமே என்று சட்டையை வெளியே விட்டேன். "சட்டைய உள்ள விடுல" என்று இருபது வருஷம் அடித்துச் சொல்லிக்கொடுத்த அப்பா பார்த்திருந்தால் துப்பாக்கியை மன்னித்திருப்பார், சட்டையை மன்னித்திருக்க மாட்டார். ஆபீசில் எனக்குத் தொப்பை விழுந்துவிட்டதாகப் பேச்சு.

அந்த பிஸ்டலின் இடது பக்கத்தில், கட்டைவிரல் போய் உட்காருகிற இடத்தில், ஒரு சின்ன நெம்பு உண்டு. மேலே தள்ளினால் பூட்டு, கீழே தள்ளினால் தயார். அதற்குத்தான் சேஃப்டி என்று பேர். ஜான் பிரவுனிங் 1910-ல் செய்து காட்டிய மாதிரியில் அது கிடையாது. குதிரைப்படைக்காரர்கள் கேட்டுத்தான் சேர்த்தாராம். ஒரு கையில் கடிவாளம். குதிரை மிரண்டால் மறு கையிலிருக்கிற பிஸ்டலை அந்த ஒரு கையாலேயே அடக்கி உறைக்குள் போட வேண்டும். அவர்கள் கேட்டது நியாயம்.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் தாத்தாவிடம் பன்றி விரட்ட ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கட்டிவிட்டு ரசீது வாங்கி வருவார். அதன் பின்பக்கம் நிமிர்ந்து நின்று, விசையை அழுத்தினால் பாய்ந்து அடிக்கிற அந்த இரும்புத் துண்டுக்கு எங்கள் பக்கம் குதிரை என்றுதான் பேர். குதிரையை ஏற்று, குதிரையை இறக்கு என்பார்கள். ஏற்றுகிற வழியில் பாதியில் ஒரு படி உண்டு. அங்கே நின்றால் வெடிக்காது என்பது நம்பிக்கை. தாத்தா அதை நம்பியவரில்லை. துப்பாக்கி திண்ணைச் சுவரில் வெறுமனே தொங்கும். தோட்டாக்கள் ஆச்சியின் பத்தாயத்தில், சாவி ஆச்சியின் இடுப்பில். ராத்திரி தாத்தா வந்து கேட்டால், "எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தானே தொழுவம் வரை போய்க் காது கொடுத்துக் கேட்டுவிட்டு வந்துதான் எடுத்துத் தருவாள். பெரும்பாலும் பன்றி போயிருக்கும்.

கோல்டைக் குதிரை ஏற்றி, சேஃப்டி போட்டு வைத்துக்கொள்வதுதான் முறை என்று வகுப்பில் சொன்னார்கள். ஏறி நிற்கிற குதிரையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இடுப்பில் செருக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பழகிய பிறகு மேல்வகுப்பு ஒன்றுக்குப் போனேன். விசில் ஊதியதும் சட்டையைத் தூக்கி, உருவி, இரண்டு குண்டு. விசில் ஊதினார்கள். தூக்கினேன், உருவினேன், டிரிகரை இழுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். பிஸ்டல் கெட்டுவிட்டது என்று ஒரு விநாடி நிஜமாகவே நம்பினேன். பின்னால் நின்ற ஆசிரியர் என் கட்டைவிரலைத் தொட்டு நெம்பின் மேல் வைத்தார். "மூன்று விநாடி. இரண்டு தடவை செத்தாயிற்று" என்றார், ஓட்டலில் பில் சொல்கிற குரலில்.

பெட்ரோல் பங்க் வைத்திருந்த தூத்துக்குடித் தம்பி ஒருவர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அவரிடம் இருந்தது பெரெட்டா 92. 1985-ல் அமெரிக்க ராணுவம் கோல்டைக் கழித்துவிட்டு எடுத்துக்கொண்ட வகை.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கீழ தள்ளுனா வெடிக்கும். எனக்கு மேல தள்ளணும். ஒருத்தருக்கொருத்தர் மாத்திக் குடுத்தோம்னு வைங்க, திருடன் நமக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போவான்."

"அப்ப என்னதான் வாங்கச் சொல்றீங்க தம்பி?"

"ரிவால்வர். பொத்தானும் கிடையாது, ஒன்னும் கிடையாது. இழுக்கத்தான் உசிரு போவும்."

வாங்கினேன். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஐந்து குண்டு, அரைக் கிலோவுக்கும் குறைவு. சேஃப்டி இல்லை, டிரிகரை நீளமாக, ஐந்து கிலோ கனத்தில் இழுக்க வேண்டும் என்பதே அதன் சேஃப்டி. தெரியாமல் விரல் பட்டு வெடிக்காது. தெரிந்து சுட்டாலும் பத்து கஜத்தில் பலகையில் படாது, என் கையில்.

வாங்கியதெல்லாம் சரி, கொண்டுபோக இடம் வேண்டுமே. ஆபீசில் கூடாது. தபால் நிலையத்தில் கூடாது. பள்ளிக்கூடத்தில் கூடாது. மது விற்பனையில் பாதிக்கு மேல் சம்பாதிக்கிற கடை என்றால் சிவப்பில் 51 என்று எழுதியிருக்கும், அங்கேயும் கூடாது. மற்ற கடைகளில் ஓர் அங்குல எழுத்தில் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பலகை தொங்கினால் திரும்ப வேண்டியதுதான். அந்தச் சட்டப் பிரிவின் எண் 30.06. பேர்போன வேட்டை ரைஃபிள் தோட்டா ஒன்றுக்கும் அதே பேர். தற்செயலா என்று கேட்டால் டெக்சாஸ்காரர்கள் கண்ணடிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வேட்டி. வேட்டி மடிப்பில் திருநீறு வைக்கலாம், வெற்றிலை வைக்கலாம், ரிவால்வர் வைக்க முடியாது. வீட்டிலிருந்து இடுப்பில் கிளம்பிய துப்பாக்கி எல்லா நாளும் காரின் டேஷ்போர்டு பெட்டியிலேயே போய்க் கிடந்தது. ரிவால்வரைக் காரில் விட்டுவிட்டுப் போன ஒரு பெண்ணின் துக்கத்தில் பிறந்த சட்டம். அதன் பேரில் பணம் கட்டி, பரீட்சை எழுதி, நானும் அதைக் காரில் விட்டுவிட்டுப் போனேன். 2007-ல் காரில் வைத்துக்கொள்ள லைசென்ஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையில் உலகம் கிளாக்குக்கு மாறியிருந்தது. திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்த ஓர் ஆஸ்திரியர் 1982-ல் தன் நாட்டு ராணுவத்துக்குச் செய்து கொடுத்த பிளாஸ்டிக் பிஸ்டல். அதில் வெளியே நெம்பே கிடையாது. உள்ளே மூன்று சேஃப்டி இருக்கிறது என்பார்கள், இருக்கிறதுதான். கீழே விழுந்தால் வெடிக்காது. ஆனால் டிரிகரை இழுத்ததும் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொள்ளும். யார் வந்தாலும் எழுந்து சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிடுகிற மூன்று வாட்ச்மேன்கள். இழுப்பதற்கு இரண்டரைக் கிலோ போதும். அமெரிக்கப் போலீஸில் பெரும்பகுதி அதற்குப் போயிற்று. ராணுவம் மட்டும் அசையவில்லை. 1911-லும் நெம்பு, 1985-லும் நெம்பு, 2017-ல் ஸிக் பிஸ்டலைத் தேர்ந்தெடுத்தபோதும் நெம்பு. குதிரைப்படை போய் எத்தனை காலம் ஆயிற்று, அவர்கள் கேட்டது மட்டும் நின்றுவிட்டது.

நானும் ஒரு கிளாக் வைத்திருந்தேன். ஒரு ஜனவரி காலை, குளிர் ஜாக்கெட் போட்டபடி அதை உறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ஏதோ தடுத்தது. தடுத்தால் அமுக்குவதுதானே நம் பழக்கம். என்னமோ தோன்றி நிறுத்திக் குனிந்து பார்த்தேன். ஜாக்கெட்டின் இடுப்புக் கயிறும் அதன் முனையில் இருக்கிற பிளாஸ்டிக் குமிழும் டிரிகர் வளையத்துக்குள் புகுந்திருந்தன. குழல் பார்த்துக்கொண்டிருந்தது என் தொடையை. மிக மெதுவாக வெளியே எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று போன் செய்தேன். பொய்யும் இல்லை.

கட்டிலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இத்தனை வருஷத்தில் எதிரி முன்னால் உருவியது பூஜ்யம் தடவை. உறையில் போட்டு எடுத்தது ஆயிரக்கணக்கில். வகுப்பில் மானம் போன அந்த மூன்று விநாடிக்குப் பயந்து நெம்பைத் துறந்தேன். என்னைச் சுடுவதற்கு ஒவ்வொரு நாளும் இரண்டு தடவை அருகில் வந்தவன் நான்தான்.

2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்து வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பையன் அம்மாவின் கைப்பை ஜிப்பைத் திறந்தான். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை. கணவர் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. அம்மா அங்கேயே போய்விட்டார். அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்த ராத்திரி என் மனைவி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எண் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று வீட்டுக்கு வந்தது.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில், வேறு தடை எதுவும் இல்லாத, 21 வயது நிறைந்தவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம். வகுப்பு வேண்டாம், ஐம்பது குண்டு வேண்டாம், 175 மார்க் வேண்டாம். கட்டைவிரலால் தள்ளிவிட வேண்டிய நெம்பு எதுவும் சட்டத்திலும் இல்லை. என் 234 மார்க்குக்கு இனி மரியாதை கிடையாது என்பதில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் உண்டு, மறைப்பானேன்.

முதலில் சொன்ன துப்பாக்கிக் கடைப் பையன் கையில் இருந்தது ஸிக் பி365. என் பழைய கோல்டில் பாதி எடை. அதில் ஏழு குண்டு, இதில் பத்து. சேஃப்டி வைத்தும் வருகிறது, இல்லாமலும் வருகிறது. "உருவுகிற நேரத்தில் அதைத் தள்ள மறந்தால் உயிர் போய்விடும் சார்" என்று எனக்கு எச்சரிக்கை செய்தான். அவன் பிறப்பதற்கு முன்னாலேயே இரண்டு தடவை செத்தவனிடம்.

நெம்பு வைத்ததைத்தான் வாங்கினேன். அரிசிக்கு மேல் கொஞ்சம் பெரிசு. மூட்டு வீங்கிய கட்டைவிரலுக்கு அது படிவதற்குள் திருடன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடுவான். வீட்டுக்கு வந்ததும் மனைவி அதை வாங்கிப் பெட்டியில் வைத்து எண்ணைத் திருகினாள். பேரன் வந்து போகிறான் என்று எண்ணை மாற்றியிருக்கிறாள் போல.

"புது நம்பர் என்ன?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.